இங்கனயும் வெளிச்சந்தான்

இலஞ்சி,
டிசம்பர் 23, செவ்வாய்.

அன்பு மகன் புவனேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸப்பில் எழுதினால் எனக்கு முன்னால் அவர்தான் எடுத்துப் பார்க்கிறார். அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற இந்த நேரத்தில், பதிவேடு எழுதுகிறவள் போல உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ரூம் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் வரும். பாதி படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணிவிடாதே. முழுவதும் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பியதைப் படித்தேன். "அப்பாவுக்கு இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லிரச் சொல்லும்மா. தென்காசியச் சுத்தி ஒரு எடங்கூடவா இருட்டா இல்ல? பதினாலு பேரு பணம் கட்டிட்டாங்க" என்று எழுதியிருந்தாய். அப்பாவும் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். கழுவின வேனைத்தான் மறுபடி கழுவினார்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி பெங்களூரிலிருந்து உன்னோடு ஆட்கள் வருவார்கள், குற்றாலத்தில் லாட்ஜ் போட்டுத் தங்குவார்கள், அப்பா அவர்களை வேனில் ஏற்றிப்போய் இருட்டான இடத்தில் இறக்குவார், நீ டெலஸ்கோப் வைத்து வானத்தைக் காட்டுவாய், முடிந்ததும் அப்பாவே திரும்பக் கொண்டுவந்து விடுவார் என்று நீ சொன்னபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. சாரல் இல்லாத மாதத்திலும் குற்றாலத்துக்கு ஆள் வரும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு தொழில் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

நீ சொன்ன மாதிரியேதான் செய்தோம் ராசா. அதில் குறை வைக்கவில்லை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். போய் இறங்கியதும் போனை அமர்த்தி, இருபது நிமிஷம் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சும்மா உட்கார்ந்தோம். பிறகு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை வெறும் கண்ணால் பார்த்து எத்தனை தெரிகிறது என்று எண்ண வேண்டும். நாலுக்குக் கீழே என்றால் அந்த இடம் வேண்டாம், ஆறு என்றால் சரி, அதற்கு மேலே என்றால் விடவே கூடாது. அப்பா எண்ணட்டும், அம்மா எழுதட்டும் என்றாய். நான் கண்ணாடி போட்டவள். அவர் முப்பத்தோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அவர் எண்ணுவதுதான் நியாயம் என்று நானும் நினைத்தேன்.

இந்த இரண்டு மாதம் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் அங்கன்வாடி, மத்தியானத்துக்கு மேல் வாக்காளர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக, வந்து உலை வைத்தால் "ஏட்டி, கெளம்பு, எடம் பாக்கப் போவம்" என்பார். வேனை எடுக்க மாட்டார். டீசல் வீண் என்று என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பின்னால் உட்கார்ந்து வந்த மனுஷனா அவர்? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அங்கன்வாடியில் சமைக்கிற ஆவுடைத்தாய் அக்கா பார்த்துவிட்டு, மறுநாள் சத்துணவு கிண்டும்போதெல்லாம் கேலி. வயசான காலத்தில் ஜோடி போட்டுச் சுற்றுவதாக.

முதலில் சுந்தரபாண்டியபுரம் போனோம். சூரியகாந்தி இல்லாத நாளில் அந்த வயல்காட்டில் ஆளே இருக்காது. ஆனால் கிழக்கே காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூணு போடு" என்றார். எனக்கு ஐந்து தெரிந்தது. சொன்னேன். "ஒனக்குக் கண்ணாடியில ரெட்டை ரெட்டையாத் தெரியுது" என்று சிரித்தார். மூன்று என்றே எழுதி அனுப்பினேன்.

அடுத்தது குற்றாலத்துக்கு மேற்கே மலையடிவாரம். லாட்ஜ் வெளிச்சம் மரத்துக்கு மேலே மஞ்சளாக ஏறிக் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போனால் வனத்துறை ஆள் யானை நடமாட்டம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது நிஜமாகவே ஆகாத இடம். செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம் ஒரு குளக்கரையில் உட்கார்ந்தோம். கேரளாவுக்குப் போகிற லாரி ஒவ்வொன்றும் திரும்பும்போது முகத்தில் வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போகிறது. லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். "ரெண்டு. அதுவும் சந்தேகம்" என்றார். எனக்கு நாலு.

அதற்கப்புறம் எங்கே போனாலும் ஒரே பாட்டுதான். "இங்கனயும் வெளிச்சந்தான். மூணு போடு." மோட்டார் ரூம் பல்பு என்பார், கோயில் குழல்விளக்கு என்பார், தென்காசி வெளிச்சம் வானத்தில் அடிக்கிறது என்பார். எனக்கும் அலுத்துவிட்டது. தூக்கமில்லை, இடுப்பு விட்டுப் போகிறது. அவர் சொன்னதை எழுதினேன், அனுப்பினேன், வந்து படுத்தேன். என் கண்ணை நான் நம்பவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

போன சனிக்கிழமை, அமாவாசையை ஒட்டி, யாக்கூப் அண்ணன் மாந்தோப்புக்குப் போனோம். அப்பா சீசனில் அவருக்கு மாங்காய் ஏற்றுவாரே, அவர்தான். தோப்புக்குப் பின்னால் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. கிழக்கே தோப்பு ஊர் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. மேற்கே மலை. பம்புசெட் கிடையாது, ரோடு கிடையாது. அண்ணன் ஊரில் இல்லை, வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். ஏழே முக்கால் மணி இருக்கும். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எனக்குப் பயமாகிவிட்டது. அத்தனை நட்சத்திரத்தை நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் பார்த்திருப்பேன், அண்ணாந்து பார்க்க அப்போது நேரம் இருந்திருக்காது. கார்த்திகையை எண்ணினேன். ஏழு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எண்ணினேன். எட்டு.

பாறையில் கல் குத்தியது. எழுந்து அவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டிருந்ததால் சத்தம் இல்லை. அவர் நான் முதலில் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அங்கே யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து, "ஏட்டி, இங்கனயும் வெளிச்சந்தான். மூணு போடு, போவம்" என்றார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "ஏட்டி, ஒறங்கிட்டியா?" என்று அந்தப் பக்கமே கையை நீட்டித் தடவினார். வெறும் பாறையைத் தடவினார்.

நான் இந்தப் பக்கமிருந்து அவர் தோளைத் தொட்டேன். பதறிப்போனார். எங்கே வெளிச்சம், காட்டுங்கள் என்றேன். மேற்கே கை நீட்டினார். அங்கே மலை மட்டும்தான் இருந்தது, கரிச்சட்டி மாதிரி. என்னத்தைப் பார்த்து மூணு போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீட்டின கையை மடக்கிக்கொண்டு சொன்னார். "எல்லா எடத்துலயும் எத்தன சொன்னேனோ அத்தனையே சொன்னேன்."

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்.

நேற்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு போடும்போது உனக்கு இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்கிற குற்ற உணர்ச்சி. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பாறையில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு வருசமா இப்பிடித்தாம்ட்டி. மொதல்ல ரோட்டு ஓரம் தெரியாமப் போச்சு. எதிர்ல வாரவன் லைட்ட அடிச்சிட்டுப் போனாம்னா பெறவு ஒண்ணுமே தெரியாது. முன்னால போற லாரியோட செவப்பு லைட்டப் புடிச்சிக்கிட்டே எத்தன நாளு கேரளா போயி வந்திருக்கேன் தெரியுமா?" இதைச் சொல்லும்போது ஒரு மாதிரி சிரித்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வண்டி நிறையச் சபரிமலைச் சாமிமார்களை, கன்னிச்சாமிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டினீர்களா, அந்த லாரி பள்ளத்தில் போயிருந்தால் நீங்களும் பின்னாலேயே போயிருப்பீர்களா என்று கத்திவிட்டேன். "அதாம் ஆடியோட நிறுத்திட்டேன்லா" என்றார்.

ஆடியிலிருந்து முதுகுவலி என்று சொல்லி ராத்திரி டிரிப்பையெல்லாம் இன்னொரு வேன் வைத்திருக்கிற ஆதித்தனுக்குத் தள்ளிவிட்டாரே, அது முதுகுவலி இல்லை. நான் தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது வலிக்கிற மாதிரி முனகவும் செய்வார்.

பிறகு நீ இந்த வானம் பார்க்கிற யோசனையைச் சொன்னாய். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லையாம். "பிள்ள மொத மொதல்ல நம்மள நம்பி ஒரு காரியம் கேட்டிருக்கான். எனக்குக் கண்ணு தெரியலன்னு எப்பிடிச் சொல்ல? ஒவ்வொரு எடமாக் கழிச்சிட்டு வந்தா, அவனே விட்டுருவாம்னு பாத்தேன்." நீ ஞாயிற்றுக்கிழமை இஷ்டம் இல்லையா என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். அவர் மேல் கோபப்படாதே. என் மேல் வேண்டுமானால் கோபப்படு.

ஏனென்றால், எனக்கு நேர் எதிரே அங்கன்வாடிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. மாலைக்கண் வராமல் காப்போம் என்று மேலே எழுதி, கீழே முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் எல்லாம் வரைந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக அதன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு தாயிடமும் கேட்பேன், பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறுதா என்று. இந்த வட்டாரத்தில் நான் கேட்காத ஆள் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இருட்டு இடம் தேடி அவரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் இருட்டாக இருந்தால் தெரியும், இன்னும் கொஞ்சம் இருட்டாக இருந்தால் தெரியும் என்று. நான் அதிக இருட்டுக்குக் கூட்டிப்போகப் போக அவருக்கு இன்னும் தெரியாமல்தானே போயிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்து துவட்டி வைத்தேன், பப்பாளியும் அறுத்து வைத்தேன். தட்டைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நா என்ன ஒன் அங்கன்வாடிப் பிள்ளையா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். டாக்டரிடம் போவோம் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைக் காட்டினால் லைசென்ஸ் போச்சு, பகல் டிரிப்பும் போச்சு, வேனை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்கிறார். இழுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் தென்காசியில் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான அம்மா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, கீரையாலும் மருந்தாலும் சரியாகிற மாலைக்கண்ணும் உண்டு, அப்படிச் சரியாகாததும் உண்டு என்றார். எதுவாக இருந்தாலும் ராத்திரியில் அவர் கையில் வண்டியைக் கொடுக்கவே கூடாது என்றார். பிறகு, வீட்டுக்காரரோட அப்பாவுக்கு இந்த மாதிரி உண்டுமா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உன் தாத்தா ஞாபகம் வந்தது. சுடலைமாடன் தாத்தா விளக்கு வைத்தபின் வாசற்படி தாண்ட மாட்டார், சுடலைமாடசாமி வேட்டைக்குப் போகிற நேரம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் குறுக்கே போகக் கூடாது என்பார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் ராத்திரி போனதில்லை. நம் குடும்பத்துக்கே அது ஒரு மரியாதை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எங்கள் ஊரில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பக்திதான் என்று இன்றைக்கும் நம்பத்தான் ஆசைப்படுகிறேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்.

ஒரே பையன் என்றேன். அவரையும் ஒருதடவை கூட்டிட்டு வந்து காட்டிடுங்க என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் வரும் என்றில்லை, பார்த்துவிடுவது நல்லது, அவ்வளவுதான் என்றார். நான் படி இறங்கிக் கீழே வந்து, ஸ்கூட்டர் சாவி கையில் இருக்கும்போதே எங்கே எங்கே என்று பையில் தேடிக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். போன தீபாவளிக்குக் கரண்டு போனபோது மாடிப்படியில் நீ சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாய். கரண்டு போனால் எல்லாரும்தான் தடவுவார்கள். நீ அனுப்புகிற வானத்துப் படமெல்லாம் கேமரா எடுத்தது. வெறும் கண்ணால் பார்த்தாயா என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் இந்த வீட்டில் நடந்த தப்பு. ஆனாலும் போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை.

உன் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. யாக்கூப் அண்ணன் தோப்புப் பாறை நல்ல இடம், எட்டு என்று எழுதிக்கொள். அண்ணனிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். சுந்தரபாண்டியபுரத்துக்கும் ஐந்து என்று திருத்திக்கொள். ஆனால் பதினாலு பேரும் ஆதித்தன் வண்டியில்தான் போக வேண்டும். அப்பாவின் வேன் வேண்டாம். அப்பா உன்கூட வரட்டும், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரை ஒதுக்கிவிட்டதாக மட்டும் தெரியக் கூடாது. வேறு டிரைவர் ஏன் என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீ படித்தவன், உனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். நேற்று ராத்திரி அப்பாவிடம், புவனேஷுக்குக் கண் வலியாம், இங்கே வந்து டாக்டரிடம் காட்டணுமாம், கூடப் போக ஆள் வேண்டுமாம் என்று சொன்னேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "என்னைக்கு வாரான்? நா கூட்டிட்டுப் போறேன்" என்றார். தனக்காக ஒரு அடி நகராத மனுஷன், ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து, அவனுக்கு எந்தக் கண் என்று என்னைக் கேட்டுவிட்டார். அவருக்கும் தாத்தா ஞாபகம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் முத்துராஜ், அடுத்து புவனேஷ். நீ உள்ளே போனால் அவர் உள்ளே வருவார். அவருக்காக வா. நான் அவருக்காக என்றுதான் எழுதுவேன், நீயும் அப்படியே நினைத்துக்கொண்டு வா.

சுடலைமாடசாமி உன் கூடவே இருக்கட்டும். பைக்கை ரூமிலேயே விட்டுவிடு. ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடியும் முன்பே இறக்கிவிட்டுவிடுவான். மூன்று வண்டி மாற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, எத்தனை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பகலில் வா, ராசா.

உன் அம்மா,
காளீஸ்வரி.